இருமலுக்குப் பத்தடி

கத்திரி வெயில் முடிந்த வாரத்தில், பெருந்தொற்றுக்குப் பயந்து எழுபது நாள் தனியாக அடைந்து கிடந்த தணிகாசலத்தை நண்பர்கள் இருவர் கடற்கரைக்குக் கூப்பிட்டார்கள். ரேஷன் கடை இன்னாசி சுண்ணாம்புத்தூள் கொண்டுவந்து, கடை வாசலில் போடுவதைப் போலவே ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டான். ஆளுக்கொன்றில் உட்கார்ந்து மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்றை ஒருவருக்கொருவர் எறிந்து எறிந்து தின்றார்கள். மனிதக் குரல் கேட்டதில் தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து காரம் தொண்டையில் ஏறி ஓர் இருமல் வந்தது.

இன்னாசி எழுந்து, கடல் பக்கமாகப் பத்தடி தள்ளி அவனுக்குப் புது வட்டம் போட்டான்.

"மாங்காக் காரம்டா!"

"எல்லாரும் காரம்னுதான் சொல்றான். கோச்சுக்காம போ மச்சான்," என்றான் கஜபதி.

நாலாவது இருமலில் மணல் தீர்ந்து கடல் வந்துவிட்டது. தண்ணீரில் சுண்ணாம்பு நிற்கவில்லை.

"நீ நிக்கிற இடமே வட்டம்னு வச்சுக்கடா!" என்றான் இன்னாசி.

இன்னும் இரண்டு இருமலில் தணிகாசலம் கழுத்தளவுக்குப் போய்விட்டான். வீட்டுக்குப் போகலாம்தான், வீட்டில் யார் இருக்கிறார்கள்? அங்கிருந்தே கஜபதியின் கதைகளுக்குச் சத்தமாகச் சிரித்தான்.

"கால் மணி நேரம் இருமாம இருந்தா எங்ககிட்டயே வந்துரலாம்!" என்று கத்தினான் இன்னாசி.

பதினாலாவது நிமிடம் தொண்டை அரித்தது. தணிகாசலம் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அங்கே வைத்து ஆசை தீர இருமினான். குமிழிகள் கொத்துக்கொத்தாக வந்தன. பிறகு ஒன்றிரண்டாக வந்தன.

"சத்தமே இல்ல பாத்தியா, தேறிட்டான்!" என்றான் கஜபதி. "வாடா மேல!"

ஓர் அலை வந்து அந்த இடத்தை மட்டமாக்கிவிட்டுப் போனது. இருவரும் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.