மூன்றாம் வண்டியின் இருக்கை

சுரபாயா துறைமுகக் கிடங்கில் சரக்கு தூக்கும் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுது பார்ப்பவன் குன்சோரோ. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் வண்டியின் மின்சாரம் தானே நின்றுவிட வேண்டும். மூன்றாம் வண்டியில் மட்டும் நிற்கவில்லை. ஓட்டுநர் துமினிதான் சோம்பல்பட்டு, இருக்கைக்கு அடியில் ஆள் பாரத்தால் அமுங்கும் சுவிட்சை, எப்போதும் மின்சாரம் ஓடும்படி கம்பியால் இணைத்திருப்பாள் என்று நினைத்தான். அது உண்மையானால் அவள் வேலை போய்விடும்.

"கம்பிய எங்க ஒளிச்சு வச்சிருக்க? நீயே சொல்லிடு."

"சத்தியமா நான் தொடல அண்ணே. பாத்துக்கங்க."

"அப்ப சுவிட்ச் தானா அமுங்கிக்கிச்சாக்கும்!"

குனிந்து டார்ச் அடித்தான். கம்பி எதுவும் இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தான். சுவிட்சில் பழுதும் இல்லை. அது அமுங்கியிருந்தது, அவ்வளவுதான். நிமிர்ந்தான். காலி இருக்கையின் மெத்தை நடுவில் ஆழமாகக் குழிந்திருந்தது.

"நீ எப்ப எறங்குன?"

"சாப்பாட்டுக்கு முன்னாடியே."

அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெத்தையைத் தொடப் போனான். கை படுவதற்குள் மெத்தை மெல்ல மேலெழுந்தது. வண்டியின் விளக்குகள் அணைந்தன. இறங்கும் படி ஒருமுறை கிறீச்சிட்டது.

துமினி, பழக்கப்பட்டவள் போல, ஒதுங்கி வழிவிட்டாள்.