ஒற்றை நட்சத்திரக் காப்பி

"மலையைப் பாக்கிறதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே? அது எங்க வீட்டு வாசல்லயே நிக்குது, தம்பி."

மெடலின் நகரத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு போன கேபிள் காரில், எலியேசர் தொப்பியைச் சரிசெய்தபடி சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த வழிகாட்டி வில்மர் பல்லைக் காட்டினான். அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிரித்துத்தான் ஆகவேண்டும். போன மாதம் இரண்டு பேர் இணையத்தில் அவனுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். மூன்றாவதும் வந்தால் வேலை காலி என்று ஆபீஸில் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். இன்று வந்து வாய்த்ததோ, பிறந்தநாள் பரிசாக மாட்ரிட்டில் இருக்கும் மகள் பணம் கட்டி அனுப்பிவைத்த இந்த மகாராஜா.

"கீழே பாருங்க ஐயா, சரிவு முழுக்க கலர் கலரா வீடு!"

"நல்ல சரிவு. காலை வெயில் அருமையா விழும். வீட்டைக் கட்டிக் கெடுத்துட்டானுங்க."

சதுக்கத்தில் நின்ற குண்டு வெண்கலச் சிலைகளைப் பார்த்து, "நல்ல சாப்பாடு போல" என்றார். பெரிய தேவாலயத்தில் கொட்டாவி விட்டார். மெட்ரோ ரயிலில் மட்டும் எந்தக் குறையும் சொல்லவில்லை. தூங்கிவிட்டார்.

வில்மரிடம் ஒரே ஒரு துருப்புச்சீட்டு மிச்சமிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று குடிக்கும் காப்பிக் கடை. கண்ணாடிக் குடுவை, தராசு, வெந்நீரின் சூட்டை அளக்க ஒரு கருவி. லேபில் ரத்தம் கொடுக்க வந்தவர் போல எலியேசர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"சர்க்கரை எங்கப்பா?"

"இதுக்கெல்லாம் சர்க்கரை போடக்கூடாது ஐயா."

"யாரு சொன்னா?"

"நிபுணர்கள்."

ஒரு வாய் குடித்தார். மீசையோடு சேர்ந்து முகம் கோணியது. குடித்ததைக் கோப்பையிலேயே துப்பினார்.

"புளிக்குது! பாத்திரம் கழுவின தண்ணியா?"

"ஐயா, இது போன வருஷம் முதல் பரிசு வாங்கின காப்பி! மல்லிகை வாசனை, ஆரஞ்சு ருசி. ஜப்பான்காரன் ஏலத்துல சண்டை போட்டு வாங்குறான்!"

"வாங்கட்டும், பாவம். காப்பின்னா கருப்பா, கசப்பா, வெல்லம் போட்டு நாக்குல ஒட்டணும்."

எழுந்து வெளியே போனார். நடைபாதையில் வண்டி தள்ளிக்கொண்டு வந்த பெண்ணிடம் ஃபிளாஸ்க் காப்பி வாங்கினார். ஏற்றுமதிக்குத் தேறாத கொட்டையைக் கரியாக வறுத்துப் போட்ட காப்பி. கண்ணை மூடி ரசித்துக் குடித்தார்.

"இதுவல்லவோ காப்பி!" என்றவர் போனை எடுத்தார். "உனக்கு நட்சத்திரம் போடணும்னு மக சொன்னா. ஒண்ணு போதும்ல?"

வில்மருக்குப் பொறுமை பறந்தது. வேலைதான் போகப்போகிறதே, இனி என்ன மரியாதை? கடைக்குள் ஓடி, அலமாரியிலிருந்த காப்பிப் பாக்கெட்டைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"குறை சொல்றது சுலபம்! இதை விளைவிச்சவர் படமே போட்டிருக்கு, நல்லா பாருங்க. மலையில எவ்வளவு பாடுபட்டிருப்பாரு! தைரியம் இருந்தா அவர்கிட்டயே போய்ச் சொல்லுங்க, உன் காப்பி கழுவின தண்ணின்னு!"

எலியேசர் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

வில்மர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தான். அதே தொப்பி. அதே மீசை.

"முப்பத்தெட்டு வருஷமா நல்ல கொட்டையை எல்லாம் மூட்டை கட்டி அனுப்பிட்டு, கழிசலைத்தான் வீட்டுல வறுத்துக் குடிக்கிறோம், தம்பி. நல்லதை இன்னைக்குத்தான் வாயில வச்சேன்" என்றவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் போனை அவனிடமே நீட்டினார். "அஞ்சு நட்சத்திரத்தையும் நீயே போட்டுக்க. நான் துப்பினதை மட்டும் அந்த ஜப்பான்காரன்கிட்ட சொல்லிராதே."