காதில் மாட்டிய நாக்கு

“ஹ... ஹ... ஹ...” என்று ஸ்டோர்காரர் ஹலோவின் வாசற்படியிலேயே நின்றார். கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. மறுமுனையில் இருந்தவர், தன் வாஷிங் மெஷினைவிட மோசமான நிலையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, போனை வைத்துவிட்டார்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி அது.

“விடுங்க அண்ணே, உங்களைப் போய் எடுக்கச் சொன்னாங்க பாருங்க,” என்று மெக்கானிக் ரிசீவரை வாங்கி வைத்தார். ஸ்டோர்காரர் நன்றியோடு தலையாட்டிவிட்டு, பெல்ட்டும் வாஷரும் அடுக்கியிருந்த உதிரிபாக அறைக்குள் போய்ப் புகுந்துகொண்டார்.

அந்த வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டரில் புகார் போனை எடுத்துவந்த பெண் போன வாரம், சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. துணி துவைக்காத மெஷினுக்காக, போன் எடுக்கிறவரைத் துவைத்துப் பிழிந்து காயப்போடுகிற ஜனங்கள். மெக்கானிக்குகள் வெளியே வேலைக்குப் போகிறவர்கள். மிச்சமிருப்பது ஸ்டோர்காரரும் மேலாளரும்தான். ஆள் அமையாவிட்டால் நாளை முதல் நீங்களே எடுங்கள் என்று தலைமை அலுவலகம் மேலாளரிடம் கறாராகச் சொல்லிவிட்டது.

மேலாளர் மேடைக்கென்றே பிறந்தவர். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். மோட்டார் எரிந்துபோனதற்கு வருத்தம் தெரிவிக்கச் சொன்னால்கூட, மனிதன் ஆடை உடுத்தத் தொடங்கிய காலத்திலிருந்து ஆரம்பிப்பார். அப்பேர்ப்பட்ட வாய்க்குச் சொந்தக்காரர், முகம் தெரியாதவர்களிடம் வசவு வாங்குவதா?

அதனால்தான் அவருக்குத் திடீரென்று கருணை சுரந்தது. திக்குவாய்க்காரர்கள் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை ஆபீஸ் செலவிலேயே வரவழைத்துவிட்டார். கருவிக் கம்பெனியிலிருந்து அதைக் கொண்டுவந்த பெண் டப்பாவைத் திறந்ததும், எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, ஒரு ஊமையின் சிறைக்கதவு இன்று திறக்கப்போகிறது என்று முழங்கினார். ஸ்டோர்காரர் ஊமை இல்லை என்று யாரோ முணுமுணுத்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

கருவி சுண்டுவிரல் நுனி அளவுதான் இருந்தது. பேசுகிறவரின் குரலைப் பிடித்து, ஒரு இமைப்பொழுது தாமதித்து, அவர் காதுக்குள்ளேயே திருப்பிச் சொல்லும். கூடவே இன்னொருவரும் சேர்ந்து பேசுகிற மாதிரி இருப்பதால் நாக்கின் கட்டு தளரும் என்று அந்தப் பெண் விளக்கினாள்.

“முதல்ல நான் போட்டுக் காட்டுறேன்,” என்றார் மேலாளர். அவள் தடுப்பதற்குள் காதில் செருகிக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். “அன்... அன்பார்... ந்த... ஊ... ஊழி... ழிய...”

சேற்றில் சிக்கிய லாரி மாதிரி வாய் உறுமியதே தவிர, ஓரடி நகரவில்லை. மெக்கானிக் உதட்டைக் கடித்தபடி மின்விசிறியைப் பார்த்தார். மேலாளர் கருவியைப் பிடுங்கி எடுத்தபோது வழுக்கை முழுக்க வேர்த்திருந்தது.

“பயப்படாதீங்க சார். நல்லாப் பேசுறவங்க போட்டா நாக்கு குழறத்தான் செய்யும். திக்குறவங்களுக்குத்தான் இது சரியா வரும்,” என்றாள் அவள் அவசரமாக.

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வரும்போது கொஞ்சம் தலைக்கனத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. தன் நாவன்மைக்கு விஞ்ஞானமே முத்திரை குத்திவிட்டதாக அறிவித்தார்.

மெக்கானிக் அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் கேட்டார்: “வாயை மூட வைக்கிற கருவி ஏதாச்சும் இருக்காம்மா?”

ஸ்டோர்காரரை இழுத்துவந்து புகார் போன் முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. “வே... வே...” என்று மறுப்பதற்குள் கருவி காதில் ஏறிவிட்டது. அடுத்து வருகிற அழைப்பை அவர்தான் எடுக்க வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. அந்த போன் என்றைக்கு ஓய்ந்தது? உடனே அடித்தது.

ஸ்டோர்காரர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். இனித் தப்ப வழியில்லை என்று தெரிந்தவர்போல மூச்சை இழுத்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

“வணக்... க்கம்... உங்... உங்க மெ... மெஷி... ஷினு...”

“என்னய்யா, கிண்டலா?” என்று மறுமுனை கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

அவர் மறுபடி முயன்றார். வழக்கமாக முதல் எழுத்திலேயே நின்றுபோகிறவருக்கு இப்போது சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. மேலாளர் கொதித்துப்போய், ஓட்டைக் கருவியை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று அந்தப் பெண்ணின்மேல் பாய்ந்தார். அவளோ ஸ்டோர்காரரையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டோர்காரரின் கையிலிருந்து ரிசீவர் நழுவியது. வெலவெலத்துப்போய்க் கருவியைக் கழற்றி மேஜைமேல் போட்டவர், இரண்டு கைகளாலும் தொண்டையைத் தடவிக்கொண்டே மேலாளரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயோ சார், எனக்கு நிஜமாவே திக்க ஆரம்பிச்சிடுச்சு.”