கொஞ்சம் கூடுதல் சிமெண்ட்

“தொழில் கத்துக்க எங்கம்மா முதுகுதான் கெடச்சுதா டாக்டர்?”

டாக்டரின் அறையிலிருந்து வந்த குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கம் போன ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கதவோரம் நின்றுவிட்டாள்.

“முதுகெலும்புல போட்ட ஸ்க்ரூ ரெண்டே மாசத்துல கழண்டு வருமா? சுவத்துல ஆணி அடிக்கிறவன்கூட உங்களைவிட ஒழுங்கா அடிப்பான்.”

“தப்பு என்னோடதுதான் தம்பி. ஸ்க்ரூவைச் சுத்தி எலும்புக்குள்ள வைக்கிற சிமெண்டைக் கம்மியா வெச்சுட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலா வெச்சு இறுக்கிடறேன்.”

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அந்த சிமெண்டைக் குழைத்ததே அவள்தான். நனைந்த ரஸ்க் மாதிரி எலும்பு, வெறும் ஸ்க்ரூ நிற்காது என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்து வைத்தார் டாக்டர். மிச்சத்தை உருட்டி அவள் உள்ளங்கையில் கொடுத்து, அது சூடேறிக் கல்லாகும்வரை யாரையும் அசையவிடவில்லை. கம்மியாம், கம்மி.

டாக்டர் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

“செய்யாத தப்பை ஏன் டாக்டர் தலையில போட்டுக்கறீங்க? அதுக்கு மேல வெச்சா நரம்புப் பக்கம் கசிஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு அந்தம்மாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தினமும் தூக்கியிருக்காங்க.”

“அதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. தெரிஞ்சா பையன் உயிரை விட்டுடுவானாம். தூக்கறதுக்கு வேற ஆள் வெச்சுக்கங்கன்னேன். யாரு வருவான்னு கேட்டாங்க.”

தலையைக் குனிந்தபடி போய்விட்டார். நர்ஸுக்கு ஆறவில்லை. பெற்றவளைச் சுமக்க விட்டுவிட்டு, டாக்டரிடம் வாய் கிழியப் பேசுகிற பிள்ளையை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கதவைத் தள்ளினாள்.

சக்கர நாற்காலியில் இருந்தான் அவன். கால்கள் இரண்டும் துவண்டு கிடந்தன.

அவளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“சிஸ்டர், கூடுதலா சிமெண்ட் வெச்சுட்டா, அப்புறம் என்னைத் தூக்கறப்போ அம்மாவுக்கு வலிக்காதுல்ல?”