பூசணிப் பூவுக்கு முழு மதிப்பெண்

பூசணிப் பூ பத்து மணிக்குள் வாடிவிடும் என்பதால் பள்ளித் தோட்டத்தில் செய்முறைத் தேர்வை ஆறு மணிக்கே தொடங்கிவிடுவோம். பன்னிரண்டாம் வகுப்பில் மெர்லினின் கைப்பக்குவம் யாருக்கும் வராது. ஆண் பூவின் மகரந்தத்தைப் பிரஷில் தொட்டு, ஒரு தூள்கூடச் சிந்தாமல் பெண் பூவில் வைப்பாள்.

அன்று அவளுடைய பாத்திக்குப் போனேன்.

"ஒரு பூச்சி பூவுக்குள்ள பூந்து மகரந்தத்தத் திருடுச்சு டீச்சர். வெளிய வந்ததும் செருப்பால அடிச்சிட்டேன்" என்றாள்.

அது மண்ணில் கிடந்தது. கடைசியாக நான் தேனீயைப் பார்த்தபோது எனக்கு ஏழு வயது. இந்தப் பிள்ளைகள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்திலிருந்து அதை எடுத்து வெகுநாளாகிறது.

என் முகத்தைப் பார்த்து மெர்லின் பயந்துவிட்டாள்.

"எதுவும் வீணாகல டீச்சர். அது கால்ல ஒட்டியிருந்ததையும் பிரஷ்ல வழிச்சு பெண் பூவுல வச்சிட்டேன். மார்க்கக் குறைச்சிருவீங்களா?"

பூவை விரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாது.

"இல்லம்மா" என்று முழு மதிப்பெண் போட்டேன்.

அதைப் பார்த்த பக்கத்துப் பாத்திப் பெண், பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.