தட்டினால் எரியும்

காலை ஆறு மணிக்கு, அந்தக் குளிர்காலத்தில் ஐந்தாவது முறையாக, அனலப்பன் அணைந்தது. மலையில் ஒரு வீட்டின் அறைகளுக்கெல்லாம் சூடு அனுப்பும் கொதிகலன் அது. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரின் நுனி, சுவர்ப் பெட்டியில் திருகு தளர்ந்து விலகியிருந்தது.

மெக்கானிக் சவரிராயன் வந்து, வழக்கம்போல் கொதிகலனின் மண்டையில் ஓங்கித் தட்டினார். அந்த அதிர்வில் ஒயர் ஒட்டிக்கொண்டது. கொதிகலன் எரிந்தது.

“பாத்தீங்களாம்மா? தட்டுனா எரியுது. கோளாறு இதுக்குள்ளதான். இன்னொரு தடவை நின்னா மாத்திடுங்க” என்றார் வீட்டம்மாவிடம்.

“தம்பி, அவர் போறதுக்குள்ள ஒரு தடவை விலகிக் காட்டுடா. இல்லைன்னா என்னைக் காயலான் கடைக்குப் போட்டுருவாங்க” என்று ஒயரிடம் கெஞ்சியது அனலப்பன்.

“ஆள் நிக்கும்போது நான் ரொம்ப ஒழுக்கம்ண்ணே. அடி வாங்குறது நீங்கதானே?” என்றது ஒயர்.

சவரிராயன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் படியிறங்கியதும் ஒயர் விலகியது.

ஜனவரி எட்டாம் தேதி அனலப்பனைச் சம்மட்டியால் உடைத்து எடைக்குப் போட்டார்கள். புதுக் கொதிகலனை அதே ஒயரில் மாட்டினார்கள். பிப்ரவரி இரண்டாம் தேதி அது அணைந்தது. சவரிராயன் வந்து அதன் மண்டையில் தட்டினார். எரிந்தது.