பெட்ரோலுக்கு அடியில்

தாமஸின் கை பெட்ரோல் டாங்கியின் மூடி மேல் இருந்தது. ஸ்பானரோடு வீட்டுக்குள்ளிருந்து வந்த பாஸ்கல் அப்படியே நின்றான்.

"இன்னாடா பண்றே அங்க?"

"சொம்மா தடவிப் பாத்தேன் மாமா. சாயங்காலம் என் வண்டி ஆவப் போவுது இல்ல?" மனைவியின் தம்பி பல்லைக் காட்டினான்.

பாஸ்கல் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். ராயபுரத்தில் அந்தச் சந்துக்குள் நுழைந்த முதல் மோட்டார் சைக்கிள் அவனுடையது. பழசுதான், ஆனால் அவன் பிறந்ததிலிருந்து வாங்கிய முதல் வண்டி. எந்த மெக்கானிக்கும் அதைத் தொடக் கூடாது, தன் கையாலேயே பார்த்துக்கொள்வது என்று வைராக்கியமாக இருந்தான்.

வண்டிக்கு ஒரே ஒரு வியாதி. இவன் கழற்றித் துடைத்துப் பூட்டினால் சமர்த்தாக ஓடும். கொஞ்ச நாளில் 'லொக் லொக்' என்று இருமும். அப்புறம் நின்றுவிடும். போன ஞாயிறு திருவொற்றியூர் ரோட்டில் நின்றபோது, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மனைவி அடைக்கலமேரிதான் பின்னாலிருந்து தள்ளினாள். பஸ்ஸில் போனவர்கள் கை தட்டினார்கள்.

அதனால் இன்று காலை அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "எண்ணூர்ல எங்க சித்தி வூட்டுப் புள்ளைக்குப் புதுநன்மை, விருந்து வச்சிகிறாங்க. கோயில்ல சாயங்கால மணி அடிக்கிறதுக்குள்ள இது கெளம்பணும். இல்லன்னா தாமசே தள்ளிகினு போயி வச்சிக்கட்டும்."

அப்போதிருந்து தாமஸ், மீன்கூடையைச் சுற்றும் பூனை மாதிரி வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

பாஸ்கல் குந்தி உட்கார்ந்தான். "எஞ்சினுக்கு மூணே விசயம்டா. காத்து, பெட்ரோல், நெருப்புப் பொறி. மூணும் சேந்துச்சுன்னா ஓடும். எது வரலன்னு பாத்தா முடிஞ்சுது."

"அத்த தான் மாமா நீ வாரா வாரம் பாத்துகினே கீறே."

பொறி தரும் பிளக்கைக் கழற்றும்போது ஸ்பானர் வழுக்கி விரல் தோல் கிழிந்தது. அலறல் கேட்டு ஓடி வந்த அடைக்கலமேரி, மாதா படத்தடியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து காயத்தில் தடவினாள். கோயிலில் சாமியார் மந்திரித்துத் தரும் தீர்த்தம். காய்ச்சலோ இருமலோ, அந்த வீட்டில் எதற்கும் அதுதான் முதல் மருந்து.

"அடியில சொட்டு தான் கீது. போயி ரொப்பிகினு வந்துர்றேன்" என்று பாட்டிலோடு கிளம்பினாள்.

பாஸ்கல் பிளக்கை அதன் ஒயரில் மாட்டி, எஞ்சின் இரும்பின் மேல் சாய்த்து வைத்து, கிக்கரை உதைத்தான். பளிச்சென்று நீலப் பொறி. பொறி உண்டு. காற்று போகும் வலையில் தூசு இல்லை. மிச்சம் இருப்பது பெட்ரோல்.

டாங்கியிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கி, டீ கிளாஸில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தான். மேலே இளமஞ்சளாகப் பெட்ரோல். நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பிரிவு. அடியில், கண்ணாடி போல வேறொன்று.

"தண்ணிடா!"

பெட்ரோல் லேசு, தண்ணீர் கனம். டாங்கிக்குள் எவ்வளவு சிறிது தண்ணீர் விழுந்தாலும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். குழாயும் அடியில்தான். ஆகவே எஞ்சினுக்குள் தண்ணீர்தான் முதலில் போகும். தண்ணீரைக் கொளுத்த எந்தப் பொறியாலும் ஆகாது.

பாஸ்கல் மெல்லத் திரும்பி மச்சானைப் பார்த்தான்.

"டாங்கில தண்ணி ஊத்தினியாடா, கஸ்மாலம்?"

"அந்தோணியார் மேல சத்தியமா இல்ல மாமா! மழத்தண்ணி எறங்கிருக்கும்."

"மழ பேஞ்சு எம்மாம் நாளாச்சு! காலைல மூடி மேல கை வச்சிகினு நின்னியே, நான் பாக்கல?"

பாஸ்கல் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்ததும் தாமஸுக்குக் கை கால் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. டாங்கியை முழுக்க வடித்துப் பெரிய பிஸ்கட் பாட்டில்களில் ஊற்றித் தெளிய வைத்தவன் அவன். மேலாக நின்ற பெட்ரோலை மட்டும் அலுங்காமல் திருப்பி ஊற்றியவன் அவன். அடியில் தங்கிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டியவனும் அவனே. பாஸ்கல் கார்புரேட்டரைத் துடைத்துப் பூட்டினான்.

ஒரே உதை.

டுப்... டுப்... டுபுடுபுடுபு! சந்தே அதிர்ந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். கோயில் மணி இன்னும் அடிக்கவில்லை.

"பாத்தியாடா? இனிமே இந்த டாங்கி மேல உன் நெழல் வுழுந்துச்சு, அவ்ளோதான்!"

"நான் இல்ல மாமா..." தாமஸ் அழுதே விட்டான்.

அந்தச் சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டுவிட்டு அடைக்கலமேரி ஓட்டமும் நடையுமாக வந்தாள். கண்ணில் நீர் தளும்பியது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். இவளுக்கா வண்டியைப் பிடிக்காது என்று நினைத்தோம் என்று பாஸ்கல் உருகிப் போனான்.

"ஏறு மேரி, எண்ணூர் போலாம்!"

அவள் ஏறவில்லை. நேராக டாங்கியிடம் போனாள். நன்றாகப் பழகிய கையால் மூடியைத் திருகித் திறந்தாள். இடுப்பிலிருந்து பாட்டிலை உருவினாள்.

"இருய்யா, இருமல் நின்னுடுச்சேன்னு தீர்த்தத்த நிறுத்தக் கூடாது!"